பெய்ரூட்டில் வெடித்ததும் மணலியில் எழுந்த கேள்வியும்: தொலைக்காட்சியின் வெளிநாட்டுச் செய்தியாளர் பணி, ஒரு விளக்கம்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று, சென்னையில் இரவு மணி 8.37 ஆனபோது, லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகம் வெடித்துச் சிதறியது. இருநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். முதலில் பரவிய தகவல், பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்துவிட்டது என்பது. துறைமுகக் கிடங்கில் ஆறு ஆண்டுகளாகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்தான் வெடித்தது என்பது அன்று இரவு வெளியானது. உடனே இந்தியாவின் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம், நாடெங்கும் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் உள்ள ஆபத்தான சரக்குகளை 48 மணி நேரத்துக்குள் சரிபார்க்க உத்தரவிட்டது. 2015இல் பறிமுதல் செய்யப்பட்ட அதே வேதிப்பொருள், ஏறத்தாழ 700 டன், 37 கண்டெய்னர்களில் வடசென்னையின் மணலியில் உள்ள ஒரு கிடங்கில் கிடப்பது அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. அந்த மாதமே அது ஏலம் விடப்பட்டு ஹைதராபாத்துக்கு லாரிகளில் அனுப்பப்பட்டது.

மத்தியதரைக் கடலோரத்து ஊர் ஒன்றைப் பற்றிய செய்தி, மணலி புதுநகரில் குடியிருப்பவர்களின் வீட்டுப் பிரச்சினையாக ஓரிரு நாள்களில் மாறியது. அந்தச் செய்தியை நமக்குச் சொன்னவர் யார், அவர் அங்கேதான் இருந்தாரா, அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்ற கேள்விகள் இதிலிருந்து பிறக்கின்றன. ஒவ்வொரு போரின்போதும் இதே குழப்பம் திரும்ப வருகிறது. திரையில் மைக்கைப் பிடித்து நிற்பவரை வைத்து மட்டும் இந்தப் பணியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், அடிப்படையிலிருந்து தொடங்குவது நல்லது.

யார் யார் இந்தப் பணியில் இருக்கிறார்கள்?

வெளிநாட்டுச் செய்தியாளர் என்று பொதுவாக அழைக்கப்படுவோர் நான்கு வகையினர். நேயருக்கு நால்வரும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவர்களுக்குத் தெரிந்திருப்பதும் அவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் பெரிதும் வேறுபடுகின்றன.

1. தங்கி வேலை செய்யும் நிருபர். சேனல் அந்த நகரத்தில் அலுவலகம் அமைத்து, சம்பளம், வீடு, விசா எல்லாம் ஏற்பாடு செய்து, சில ஆண்டுகள் அங்கேயே இருக்கச் செய்யும் ஊழியர். அமைதிக் காலத்தில் சந்தை விலையையும் நகராட்சித் தேர்தலையும் பற்றி எழுதியிருப்பார் என்பதால், நெருக்கடி வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

2. அனுப்பி வைக்கப்படும் நிருபர். பெரிய சம்பவம் நடந்த பிறகு தலைமையகத்திலிருந்து விமானம் ஏறி வந்து, சில நாள் செய்தி தந்துவிட்டுத் திரும்புபவர். செய்தி அறைகளில் பாராசூட் நிருபர் என்று இவரைக் குறிப்பிடுவார்கள்.

3. ஸ்ட்ரிங்கர். அந்த ஊர்க்காரர். மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்திக்கு அல்லது காட்சிக்கு ஏற்பப் பணம். நம் மாவட்டங்களில் செய்தி சேனல்கள் இயங்குவது பெரும்பாலும் இவர்களை நம்பித்தான். உலக அளவிலும் நிலைமை அதுவே.

4. ஃபிக்ஸர். மொழிபெயர்ப்பவர், வண்டி பிடிப்பவர், சோதனைச் சாவடியில் பேசி வழி வாங்குபவர், பேட்டி தர ஆள் தேடுபவர். பெரும்பாலும் அவரே ஒரு பத்திரிகையாளராக இருப்பார். அவர் பெயர் திரையில் அரிதாகவே வரும்.

பெய்ரூட்டில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. வெடிப்பின் வேகத்தையும் புகையையும் காட்ட அங்கே வசித்தவர்களின் கைப்பேசிப் படங்களே போதுமானதாக இருந்தன. ஆனால் 2013இல் அந்தச் சரக்கோடு வந்து நின்ற கப்பலின் பெயர் ரோசஸ் என்பதையும், சரக்கு இறக்கி வைக்கப்பட்ட பிறகு அதை அப்புறப்படுத்தச் சொல்லிச் சுங்க அதிகாரிகள் நீதிபதிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருந்ததையும் வெளியே கொண்டுவந்தவர்கள் லெபனான் பத்திரிகையாளர்களும் அந்நகரிலேயே தங்கியிருந்த நிருபர்களும்தான். மணலிக் கிடங்கைப் பற்றி நாம் கேட்ட கேள்விகள், அதாவது யாருடைய சரக்கு, எத்தனை ஆண்டாகக் கிடக்கிறது, யார் உத்தரவுக்குக் காத்திருக்கிறது என்பவை, அந்தக் கடிதங்களைப் பற்றிய செய்தி வந்ததால்தான் அவ்வளவு கூர்மையாக எழுந்தன. புகையின் படம் மட்டும் வந்திருந்தால் அனுதாபத்தோடு நின்றிருப்போம்.

இரண்டு நிமிடச் செய்தி எப்படி உருவாகிறது?

செய்தி அறையில் பேக்கேஜ் என்று சொல்லப்படும் தொகுப்பு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடும். அதில் விஷுவல் எனப்படும் காட்சிகள், பைட் எனப்படும் பேட்டித் துண்டுகள், நிருபரின் பின்னணிக் குரல், அவர் கேமராவை நேரே பார்த்துப் பேசும் பகுதி ஆகியவை இருக்கும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பி.டி.சி. என்பார்கள். அந்த இடத்தில் அவர் இருந்தார் என்பதற்கு அந்தத் தொகுப்பில் உள்ள சான்று பெரும்பாலும் அது ஒன்றே. மற்ற காட்சிகள் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

உலகச் செய்திகளில் நாம் பார்க்கும் காட்சிகளில் பெரும்பகுதி ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. ஆகிய செய்தி முகமைகளின் கேமராக்காரர்கள் எடுத்தவை. சேனல்கள் சந்தா கட்டி அவற்றைப் பெறுகின்றன. ஒரே காட்சி பத்து சேனல்களில் பத்துக் குரல்களோடு ஓடுவதன் காரணம் இதுதான். இதில் தவறு ஒன்றும் இல்லை. முகமைகள் காட்சியோடு எடுத்த இடம், தேதி, எடுத்தவர் யார், காட்சியில் வருபவர்கள் யார் என்ற விவரப் பட்டியலையும் அனுப்புகின்றன. தொல்லை தொடங்குவது அந்தப் பட்டியலைப் படிக்காமல், செய்தியைத் தொகுக்கும் டெஸ்க்கில் குரல் மட்டும் சேர்க்கும்போது.

நேரலையின் தொழில்நுட்பமும் தெரிந்துகொள்ள வேண்டியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் ஏறி இறங்க ஏறக்குறைய கால் நொடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. காட்சியைச் சுருக்கி அனுப்பும் கருவி இன்னும் சில நொடி எடுத்துக்கொள்ளும். ஆகவே ஏங்கர் கேட்டு முடித்த பிறகும் நிருபர் சற்று நேரம் வெறுமனே நிற்பது அவருக்குப் பதில் தெரியாததால் நேர்வதில்லை. அவர் காதில் செருகியிருக்கும் கருவியில் ஸ்டுடியோவின் ஒலி முழுவதும் வரவேண்டும், அவருடைய சொந்தக் குரல் மட்டும் நீக்கப்பட வேண்டும். அந்த நீக்கத்தை ஒலிப்பதிவாளர் மறந்துவிட்டால், தான் பேசியது சில நொடி கழித்துத் தன் காதிலேயே விழ, எவ்வளவு தேர்ந்த நிருபரும் வாக்கியத்தின் நடுவே திணறிப்போவார்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் லாரி அளவு கருவிகள் தேவைப்பட்டன. 1991 ஜனவரியில் பாக்தாத் மீது குண்டுமழை பொழிந்த முதல் இரவில், சி.என்.என். நிருபர்கள் மூவர் விடுதி அறையிலிருந்து தனித் தொலைபேசி இணைப்பு வழியே குரலை மட்டும்தான் அனுப்ப முடிந்தது. 2001இல் ஆப்கானிஸ்தானிலிருந்து மங்கலான படத்தோடு வீடியோபோன் வந்தது. இன்று பல சிம் கார்டுகளை ஒன்றிணைத்து அனுப்பும் கருவி முதுகுப்பையில் அடங்கிவிடுகிறது. கருவி சிறுத்ததால் குழுவும் சிறுத்தது: முன்பு நிருபர், கேமராக்காரர், ஒலிப்பதிவாளர், தயாரிப்பாளர் என நால்வர் செய்ததை இப்போது ஒருவரே செய்யும்படி பல இடங்களில் கேட்கப்படுகிறது. இதனால் பணம் மிச்சமாகிறது. நாலு பேரிடம் விசாரிக்கும் நேரம் குறைகிறது.

கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்

இந்தப் பணியின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1984 அக்டோபர் 23 அன்று பி.பி.சி. ஒளிபரப்பிய எத்தியோப்பியப் பஞ்சச் செய்தி. கோரெம் என்ற ஊரில், விடியற்காலைக் குளிரில், உணவுக்காக வந்து திறந்த வெளியில் படுத்துக் கிடந்த ஆயிரக்கணக்கானோரையும், அன்றிரவே இறந்து துணியில் சுற்றிக் கிடத்தப்பட்டவர்களையும் அது காட்டியது. உலகெங்கும் நானூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் அதை மறுஒளிபரப்பின. அடுத்த ஆண்டு ஜூலையில் நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியும் பெருமளவு நிவாரண நிதியும் அதைத் தொடர்ந்தவை.

செய்தியாளர் மைக்கேல் பியுர்க் அதனால் புகழ்பெற்றார். அவருடைய சொற்கள் அந்தப் புகழுக்குத் தகுதியானவையே. ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர் நைரோபியில் வாழ்ந்த முகமது அமீன், விஸ்நியூஸ் முகமையின் கேமராக்காரர். எத்தியோப்பிய அரசு வடபகுதிக்கு யாரையும் எளிதில் விடாத நேரத்தில், அங்கே பல ஆண்டுகளாகப் பழகி வைத்திருந்த தொடர்புகளைக் கொண்டு அனுமதி பெற்றதில் அவர் பங்கு பெரிது. அவர் அந்தக் கண்டத்தின் மனிதர். 1991இல் அடிஸ் அபாபாவில் ஆயுதக் கிடங்கு வெடித்தபோது ஒரு கையை இழந்தார். செயற்கைக் கை பொருத்திக்கொண்டு மீண்டும் கேமராவைத் தூக்கினார். 1996 நவம்பரில், கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமோரோஸ் தீவருகே கடலில் விழுந்தபோது உயிரிழந்தார்.

அமீனைப் போன்றவர்கள் இல்லாமல் பியுர்க்கைப் போன்றவர்கள் இல்லை. தொலைக்காட்சித் தொழில் இன்றுவரை இதைக் கூலியிலும் பெயரிலும் சரியாக ஒப்புக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

சட்டம் தரும் பாதுகாப்பும் அதன் எல்லையும்

போர்க்களத்தில் செய்தியாளருக்குச் சட்டம் இரண்டு நிலைகளை வகுத்திருக்கிறது.

1. ஒரு படையின் அதிகாரபூர்வ அனுமதியோடு அதனுடன் செல்லும் போர்ச் செய்தியாளர், எதிரியிடம் பிடிபட்டால், 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க் கைதிக்குரிய உரிமைகளைப் பெறுவார்.

2. சுயேச்சையாகச் செல்லும் செய்தியாளர், 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவின்படி குடிமகனாகவே கருதப்பட வேண்டும்; அவரைத் தாக்கக் கூடாது. அமெரிக்கா, இஸ்ரேல், இந்தியா உள்ளிட்ட சில நாடுகள் இந்த நெறிமுறையை ஏற்புறுதி செய்யவில்லை. ஆயினும் குடிமக்களைத் தாக்கக் கூடாது என்ற விதி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகவே ஏற்கப்பட்டுள்ளது.

காகிதத்தில் உள்ள இந்தப் பாதுகாப்பு களத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதற்குச் சில பெயர்களே சொல்லும். பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பிவந்த யாழ்ப்பாணத்து ஸ்ட்ரிங்கர் மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில், தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தொலைக்காட்சி நிருபராகத் தொடங்கிப் பின்னர் ராய்ட்டர்ஸின் புகைப்படக்காரரான டேனிஷ் சித்திக்கி, 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டார். அல் ஜசீராவின் ஷிரீன் அபு அக்லே, பிரஸ் என்று எழுதிய கவச உடையோடு இருந்தபோது, 2022 மே 11 அன்று ஜெனினில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள் இருநூறுக்கும் மேல். ஏறத்தாழ அனைவரும் பாலஸ்தீனர்கள். வெளிநாட்டு நிருபர்கள் சுயேச்சையாக உள்ளே நுழைய இஸ்ரேல் அனுமதி மறுத்ததால், உலகம் பார்த்த காட்சிகளில் பெரும்பகுதி, தம் குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருந்த அந்த ஊர்ச் செய்தியாளர்கள் எடுத்தவையே.

யாரும் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது?

தங்கி வேலை செய்யும் நிருபர்கள் குறைவதற்கு முதல் காரணம் செலவு. இரண்டாவது காரணம் விசா, அதுதான் இப்போது பெரிய ஆயுதமாகிவிட்டது. 2014 மே மாதம் பாகிஸ்தான், இஸ்லாமாபாத்தில் இருந்த இந்திய நிருபர்கள் இருவரையும் வெளியேறச் சொன்னது. 2023இல் இந்தியாவும் சீனாவும் மாறி மாறி விசா நீட்டிப்பை மறுத்ததில், சீனாவில் எஞ்சியிருந்த கடைசி இந்திய நிருபரும் திரும்ப நேர்ந்தது.

விளைவு 2025 மே மாதம் தெரிந்தது. இந்திய–பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சித் துறைமுகம் தாக்கி அழிக்கப்பட்டுவிட்டதாக நம் நாட்டுச் சேனல்கள் பல இரவு முழுவதும் அறிவித்தன. அது நடக்கவே இல்லை. கராச்சியில் ஒரே ஒரு இந்திய நிருபர் இருந்து, மொட்டை மாடிக்குப் போய்த் துறைமுகத் திசையில் பார்த்திருந்தால் அந்தச் செய்தி ஐந்து நிமிடம்கூட நின்றிருக்காது. துறைமுகம் எரிவதாகச் சொல்வது எவ்வளவு பெரிய சொல் என்பது, துறைமுகச் சுவரை ஒட்டியே வீடு கட்டி வாழும் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2009இல் வன்னியில் நடந்த இறுதிப் போரில் சுயேச்சையான செய்தியாளர்கள் அனுமதிக்கப்படாததன் விளைவை, தமிழர்கள் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இன்றளவும் சர்ச்சையாக நீடிக்கிறது. நேரில் பார்த்து, அன்றன்றைக்குப் பதிவு செய்த வெளியாள் ஒருவரும் இல்லாத இடத்தில், பிறகு நடக்கும் எந்த விசாரணையும் நொண்டியடிக்கத்தான் செய்யும்.

வடசென்னைக்கு இதில் என்ன?

இந்தப் பகுதிக்கும் வெளிநாட்டுச் செய்திக்கும் உள்ள உறவு பழையது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சுட்ட குண்டுகள் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தன. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பின்னர் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியதன் தொடர்ச்சியாகவே வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் குடியிருப்புகளும், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரும், அங்கே விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் வந்தன. இன்றும் கப்பல் வேலைக்கும் வளைகுடா வேலைக்கும் போனவர்கள் இல்லாத தெரு இங்கே குறைவு.

ஆனாலும் இவர்களுக்குத் தேவையான செய்தி இவர்களுடைய மொழியில் அந்தந்த ஊரிலிருந்து வருவதில்லை. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏழு பேர்; ஒருவர் சென்னைக்காரர். உடல்கள் இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அந்த இரண்டு நாளில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தவை: எந்த மருத்துவமனை, பட்டியலில் பெயர் உண்டா, அந்தக் கட்டடத்தில் எத்தனை பேரைத் தங்க வைத்திருந்தார்கள், வெளியேறும் வழி இருந்ததா. இவற்றுக்கு விடை தேடத் தேவைப்படுபவர் அரபி பேசவும் குவைத் காவல் நிலையத்தின் நடைமுறை தெரியவும் கூடிய ஒரு தமிழ்ச் செய்தியாளர். தமிழ்ச் சேனல்கள் இத்தகைய நேரங்களில் பெரும்பாலும் போனோ எனப்படும் தொலைபேசிப் பேட்டியை நாடுகின்றன. அதில் பேசுபவர் அந்த ஊரில் உள்ள தமிழ்ச் சங்க நிர்வாகியாகவோ நல்லெண்ணம் கொண்ட தொழிலாளியாகவோ இருப்பார். அவர் சொல்வதைச் சரிபார்க்க ஆள் இல்லை. வேலை தந்த நிறுவனத்தைப் பற்றி அவர் பேசினால் அவருடைய வேலைக்கே ஆபத்து.

செங்கடல் நிலவரமும் அப்படியே. 2023 நவம்பரில் யேமனின் ஹூத்திப் படையினர் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்ததிலிருந்து அந்த வழியில் தாக்குதல்கள் தொடர்ந்தன. நடுக்கடலுக்கு எந்த நிருபரும் போக முடியாது. முதல் தகவல் பெரும்பாலும் யு.கே.எம்.டி.ஓ. என்ற பிரிட்டிஷ் கடல்சார் எச்சரிக்கை அலுவலகத்தின் இரண்டு வரிக் குறிப்பாகத்தான் வரும். அதில் பெரும்பாலும் கப்பலின் பெயர்கூட இருக்காது. அதை வாசித்துப் பொருள் சொல்லத் தெரிந்த நிருபர், மகனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுத் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்திருக்கும் தாயின் பதற்றத்தில் பாதியைக் குறைப்பார்.

இந்தப் பணிக்குப் போகும் வழி

இங்கிருந்து இந்தப் பணிக்குப் போக விரும்பும் இளைஞர்கள் நினைப்பதுபோல, அது லண்டனில் படித்தால் கிடைக்கும் வேலை என்று சொல்ல முடியாது. வழக்கமான பாதை இது.

1. உள்ளூர்ச் செய்தி சேகரிப்பு, சில ஆண்டுகள். எண்ணூரும் மணலியும் இதற்கு அருமையான களம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், நேர்த்தியாக வேலை செய்த நிருபர், கப்பலின் ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கொண்டு அதன் உரிமையாளரைத் தேடவும், அதிகாரி சொல்லும் அளவையும் மீனவர் காட்டும் அளவையும் ஒப்பிடவும் கற்றிருப்பார். பெய்ரூட்டிலும் தேவைப்பட்டது இதே வேலைதான்.

2. டெஸ்க் வேலை. முகமைக் காட்சிகளைப் பார்த்து, அவற்றின் விவரப் பட்டியலைப் படித்து, பொய்க் காட்சியைப் பிரித்தறியும் பயிற்சி. கணினி விளையாட்டுக் காட்சி போர்க் காட்சியாக ஒளிபரப்பான சம்பவங்கள் நம் நாட்டுச் சேனல்களிலேயே நடந்திருக்கின்றன.

3. ஒரு மொழி. ஆங்கிலத்தோடு அரபி, சிங்களம், பர்மிய மொழி, மலாய் இவற்றில் ஒன்று. மேற்கத்திய நிருபர் பல ஆண்டுகள் செலவிட்டு அடையும் நெருக்கம், பர்மாவிலிருந்து வந்த பாட்டியோடு அந்த மொழியைப் பேசி வளர்ந்த வியாசர்பாடிப் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கலாம். இந்தச் செல்வத்தை நம் செய்தி நிறுவனங்கள் திரும்பியே பார்ப்பதில்லை.

4. ஆபத்துப் பயிற்சி. இரத்தப்போக்கை நிறுத்துவது, கவச உடையின் தரம், கடத்தப்பட்டால் நடந்துகொள்ளும் முறை. இப்பயிற்சி இல்லாமல் போர்ப் பகுதிக்கு ஆளனுப்பும் சேனல் தவறு செய்கிறது.

தமிழ்ச் சேனல் ஒன்று குவைத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் முழு அலுவலகம் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அந்தந்த ஊரில் சட்டப்படி பத்திரிகை அனுமதி பெற்ற தமிழ் ஸ்ட்ரிங்கர் ஒருவரை அமர்த்துவது இயலக்கூடியது. கொழும்பில் நிருபரைத் தொடர்ந்து வைத்திருக்கும் தி ஹிந்து நாளிதழ் சென்னையில் இருந்தே அதைச் செய்துவருகிறது. அப்படி அமர்த்தும்போது ஒப்பந்தத்தில் மூன்று அம்சங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: செய்தி வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் ஒரு குறைந்தபட்சத் தொகை, கைதோ நாடுகடத்தலோ நேர்ந்தால் சேனல் ஏற்கும் வழக்குச் செலவு, உயிருக்கும் உடலுக்குமான காப்பீடு. பிரிட்டனில் இயங்கும் ரோரி பெக் அறக்கட்டளை, 1993இல் மாஸ்கோவில் கொல்லப்பட்ட சுயேச்சைக் கேமராக்காரர் ஒருவரின் பெயரால் தொடங்கப்பட்டு, இத்தகைய ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவிவருகிறது. காசிமேட்டு விசைப்படகில் கூலிக்குப் போகும் மீனவருக்கும் அரசின் விபத்துக் காப்பீடு உண்டு. தமிழ்ச் சேனலுக்காகக் குவைத்திலிருந்து காட்சி அனுப்புபவருக்கு அதற்குச் சமமான ஏற்பாட்டையாவது சேனல் செய்துதர வேண்டும்.